மூங்கில் கூடையில் காவிரி

படகு என்று சொன்னதும் உங்கள் மனக்கண்முன் என்ன வருகிறது? சினிமாவில் பணக்காரக் கதாநாயகன் ஏறிப் போகிறானே, வெள்ளை வெளேரென்று ஒரு உல்லாசப் படகு, அதுதானே? உள்ளே மெத்தை தைத்த ஆசனம், படுக்கக் கட்டில், காபி போட ஒரு சின்னச் சமையலறை, முகம் கழுவக் குழாய்! ஒரு வீட்டையே தூக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டாற்போல இருக்கும்.

உலகத்தில் படகுப் பிரியர்கள் என்று ஒரு ஜாதி உண்டு. அவர்களுக்குள்ளே ஓயாத வழக்கு ஒன்றும் உண்டு. "கையால் இழைத்துக் கட்டிய மரப்படகுதான் படகு, மற்றதெல்லாம் மிதக்கும் அலமாரி" என்பார் ஒருவர். "உங்கள் மரப்படகை வருஷத்தில் பாதி நாள் கரையில் ஏற்றிவைத்துத் தச்சனைக் கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது சௌகரியம், ஐயா!" என்பார் மற்றவர்.

இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடிய இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னையும் இல்லை, தூத்துக்குடியும் இல்லை, தர்மபுரி ஜில்லா! "தர்மபுரியா? அங்கே ஏது கடல்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கடல் இல்லைதான். காவிரி இருக்கிறதே! அந்தக் காவிரியில் உலகத்தின் மிகப் பழைய படகு வகைகளில் ஒன்று இன்னும் தினசரி பிழைப்புக்காக மிதந்துகொண்டிருக்கிறதே!

வாருங்கள், ஒகேனக்கல்லுக்குப் போவோம்.

தர்மபுரி நகரத்திலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பெண்ணாகரம் வரையில் சாதாரணமான மேட்டு நிலம்தான். புளிய மரங்கள், மானாவாரிக் கொல்லைகள், வெயிலில் காயும் பாறைகள். பெண்ணாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து கீழே இறங்கத் தொடங்கும். குழந்தைகள் இருந்தால் கைக்கு எட்டும் இடத்தில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். சாலை இறங்க இறங்கக் காற்றின் வாசனை மாறும். கடைசியில் ஓர் இரைச்சல் கேட்கும். அதுதான் காவிரி.

'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'ஹொகேனகல்' என்றால் புகையும் கல். தண்ணீர் பாறையில் மோதித் துகளாகி எழும்பும்போது கல்லே புகைகிறாற்போல இருக்கும். பெயர் வைத்தவர் கண்ணுள்ள மனிதர்! இங்கே காவிரிதான் இரண்டு ராஜ்யங்களுக்கும் எல்லை. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். சின்னாறு என்ற சிற்றாறும் இங்கேதான் வந்து கலக்கிறது. ஆறு ஒரே ஓட்டமாக ஓடாமல், பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து, சில இடங்களில் அருவியாகக் குதித்து, சில இடங்களில் செங்குத்தான கற்சுவர்களுக்கு நடுவே ஆழமாகவும் மௌனமாகவும் போகிறது.

இந்தத் தண்ணீரில் போவதற்கு உங்களுக்காகத் துறையில் காத்திருப்பது என்ன தெரியுமா? ஒரு கூடை!

கேலி இல்லை. பார்ப்பதற்கு நம் பாட்டி காலத்து மூங்கில் கூடையை யாரோ பத்து மடங்கு பெரிதாகப் பின்னி ஆற்றில் போட்டதுபோலவே இருக்கும். இதுதான் பரிசல். குறுக்களவு சுமார் ஏழு அடி. பெரியவை பத்து அடி வரையிலும் உண்டு. மூங்கிலைப் பிளந்து தப்பைகளாக்கி, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னி, ஓரங்களை மேலே வளைத்து, விளிம்பைச் சுற்றி இறுகக் கட்டிவிடுவார்கள். மூங்கிலும் மற்றச் சாமான்களும் தயாராக இருந்தால் ஒரே நாளில் ஒரு பரிசல் முடிந்துவிடும். ஆணி இல்லை, திருகு இல்லை. அடிப்புறத்தில் தண்ணீர் புகாமல் ஒரு போர்வை. முன்காலத்தில் அது மாட்டுத் தோல். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும்.

மெத்தை உண்டா என்று கேட்காதீர்கள். ஆசனமே கிடையாது. எல்லோரும் அடியில் கால்களை மடக்கி வட்டமாக உட்கார வேண்டியதுதான், கல்யாணப் பந்தியில் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்தாற்போல. பரிசல்காரர் ஓரத்தில் உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தம்மை நோக்கி இழுப்பார். வலது பக்கம் ஒரு வீச்சு, இடது பக்கம் ஒரு வீச்சு. "அம்மா, நீங்க நடுவிலே வாங்க. பாப்பாவை மடியிலே வச்சுக்குங்க. யாரும் எழுந்து நிக்கக் கூடாது" என்று அவர் சொல்வது வெறும் உபசாரம் இல்லை. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கூடையும் சாயும்.

இந்தக் கூடைக்கு இரண்டு விசேஷங்கள் உண்டு.

முதலாவது, இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கூர்மையான முகப்பு உள்ள படகு நேராகப் போகும். ஆனால் திரும்ப இடம் வேண்டும். பரிசலோ நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும். எந்தப் பக்கம் துடுப்புப் போடுகிறாரோ அதுதான் முன்பக்கம்! இரண்டு பாறைகளுக்கு நடுவே நெருக்கமான சந்து வந்தால் பரிசல்காரருக்குத் 'திருப்பம்' என்ற கவலையே இல்லை.

இரண்டாவது, இது தண்ணீரில் அமிழ்வதே இல்லை என்று சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்களேன். ஏழடிப் பரிசலின் எடை சுமார் 75 கிலோ. அதில் பரிசல்காரரையும் சேர்த்து ஐந்து பேர். ஆளுக்கு 60 கிலோ வைத்துக்கொண்டால் 300. ஆக மொத்தம் 375 கிலோ. இவ்வளவு பாரமும் அகலமான அடிப்பரப்பில் பரவிவிடுவதால் பரிசல் தண்ணீரில் இறங்குவது ஒரு சாண்கூட வராது. முழங்கால் அளவு தண்ணீர் போதும், பாறையின் தலையைத் தொடாமல் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். தொட்டாலும்தான் என்ன? மூங்கில் வளையும், மறுபடி நிமிரும்.

இந்த உபாயம் தெரிந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. கி.மு. 5-ம் நூற்றாண்டில் கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோன் நகரத்துக்கு ஆற்று வழியே வரும் படகுகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கேடயம்போல வட்டம், உள்ளே மிலாறுகளால் கூடு, வெளியே தோல். ஒவ்வொரு படகிலும் சரக்கோடு ஒரு கழுதையும் ஏறி வருமாம்! ஏன் தெரியுமா? ஆற்றின் வேகத்தில் கீழே வந்துவிடலாமே தவிர, எதிர்த்துத் திரும்ப முடியாது. ஆகவே சரக்கோடு படகின் கூட்டையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்களாம். பாக்தாத் நகரத்தில் வட்டப் படகுகள் 20-ம் நூற்றாண்டு வரை ஓடிக்கொண்டிருந்தன.

நம் பரிசல்காரருக்குக் கழுதை இல்லை. தம் தலையே உண்டு. ஆற்றோட்டத்தோடு கீழே இறங்கியவர், எதிர்த்து வர முடியாத இடங்களில் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாறை மேல் நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பிரம்மாண்டமான காளானுக்கு இரண்டு கால் முளைத்து நடந்து வருவதுபோலத் தோன்றும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் அந்தக் காளானுக்கு அடியில் முக்கால் குவிண்டால் பாரத்தோடு ஒரு மனிதர் மூச்சு வாங்குகிறார் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

விஜயநகரம் சிறப்புற்றிருந்த நாளில், 1520-ம் வருஷத்தை ஒட்டி அங்கே வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸும், துங்கபத்திரையில் கூடை போன்ற வட்டப் படகுகளில் ஜனங்கள் அக்கரை போவதைப் பார்த்து அதிசயப்பட்டிருக்கிறார். ஆள் மட்டுமா, குதிரையும் மாடும்கூட அவற்றில் ஏறிப் போயினவாம்.

சரி, இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்க வேண்டாமா?

இன்றைய உல்லாசப் படகுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை அல்ல. கண்ணாடி நாரையும் பிசினையும் அச்சின் உட்புறத்தில் அடுக்கடுக்காகப் பூசி, இறுகியபின் உருவி எடுக்கிறார்கள். 1950-களிலும் 1960-களிலும் இந்த முறை மேல்நாடுகளில் பரவிய பிறகு, ஒரே தட்டில் வார்த்த இட்லிகள்போல ஒரே மாதிரிப் படகுகள் வரிசையாக வெளிவர ஆரம்பித்தன. மரத்தைப்போல இந்த உடல் உளுத்துப் போகாது. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துத் தார் பூச வேண்டாம். மூங்கில் பரிசலைப்போல அடிக்கடி பிரித்துக் கட்ட வேண்டாம். வயதானவர்கள் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து போகலாம். இதெல்லாம் நல்ல விஷயங்கள்தானே? முழங்கால் வலிக்கும் மாமியாரைப் பரிசலில் ஏற்றி இறக்கிய எந்த மருமகளும் இதை மறுக்க மாட்டாள்!

ஒகேனக்கல்லுக்குக் கீழேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் காவிரி அங்கே ஓர் ஏரியாகப் பரந்துவிட்டது. தர்மபுரி ஜில்லாவின் நாகமரைக்கும் எதிர்க்கரையில் சேலம் ஜில்லாவின் பண்ணவாடிக்கும் நடுவே இருப்பது அந்த அகன்ற நீர்ப்பரப்புத்தான். சாலையில் சுற்றிப் போனால் நெடுந்தூரம். தண்ணீரில் குறுக்கே போனால் சிறிது நேரம். அப்படிப்பட்ட இடத்தில் யந்திரப் படகு வந்தால் யாருக்குத்தான் மனம் வராது? மேட்டூருக்கும் கீழே, பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே, கதவணை தேக்கிய அமைதியான தண்ணீரில் யந்திரப் படகுகள் மனிதர்களோடு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய் வருகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகிறவர்களிடம் போய், "பழம்பெருமைக்காகப் பரிசலில்தான் போக வேண்டும்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆனால் அதே யந்திரப் படகை ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே கொண்டுவந்து விடுங்கள். நீருக்கடியில் சுழலும் அதன் விசிறி, முதல் பாறையிலேயே பல் உடைந்து நிற்கும். கடலில் போகும் பெரிய பாய்மர உல்லாசப் படகுக்கோ அடியில் துடுப்புப்போல ஒரு கனமான பாகம் உண்டு. படகு கவிழாமல் இருப்பதற்காக அது ஓர் ஆள் உயரத்துக்கு நீருக்குள் நீண்டிருக்கும். கோடையில் இங்கே பல இடங்களில் அந்த ஆழத்துக்குத் தண்ணீரே கிடையாது! எத்தனை லட்சம் ரூபாய்ப் படகானாலும் இந்த ஆற்றில் அது கரையேறி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஐந்நூறு வருஷங்களுக்கு முந்தைய யாத்ரீகன் பார்த்து வியந்த கூடையோ ஆடிக்கொண்டே போய்விடும்.

தேக்கத்தில் யந்திரம் ஜெயித்தது. பாறைக்கிடையில் பரிசல் ஜெயித்தது. ஆக, எது உயர்த்தி என்று தீர்மானிக்கிறது பணமும் இல்லை, பழமையும் இல்லை. தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 'பழமை, பழமை' என்று நாம் உருகுகிறோமே, பரிசல்காரர் அப்படி உருகவில்லை! தோல் விலை ஏறியபோது, அது நாறியபோது, அதைக் காயவைத்துப் பதப்படுத்தும் தொல்லை பெரிதானபோது, அவர் தயங்காமல் தோலை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டார். தென்னாட்டு ஆறுகளில் கண்ணாடி நாரால் வார்த்த வட்டப் பரிசல்கள்கூட வந்துவிட்டன. பொருளை மாற்றினார்கள், வட்டத்தை மாற்றவில்லை. ஏனென்றால் வட்டம் என்பது அலங்காரம் இல்லை. இந்த ஆற்றுக்குச் சொன்ன பதில். அம்மியை விட்டு மின்சார யந்திரத்துக்கு வந்த பிறகும் துவையலுக்குப் புளியும் உப்பும் அளவு பார்த்துப் போடுவது உங்கள் கைதானே? அதுபோலத்தான்.

புதிய பொருளுக்கும் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். மூங்கில் கிழிந்தால் அடுப்புக்குப் போகும், இல்லாவிட்டால் மண்ணாகும். கண்ணாடி நார்ப் படகு எளிதில் மக்காது. ஆயுள் முடிந்த படகுகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மேல்நாட்டுத் துறைமுகங்கள் இப்போது தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. பரிசலின் அடியில் ஒட்டும் பிளாஸ்டிக்குக்கும் இந்தக் குறை இருக்கத்தான் இருக்கிறது.

இனி மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சற்று நிதானமாகப் படியுங்கள்.

பரிசலின் பாதுகாப்பு பரிசலில் மட்டும் இல்லை. அது பரிசல்காரரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. நம் கையிலும் இருக்கிறது. எந்தப் பாறை எந்த நீர் மட்டத்தில் தலைகாட்டும், எங்கே நீர் உள்ளே இழுக்கும், எங்கே சுழி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தண்ணீரிலேயே கிடந்து படித்த படிப்பு அது. ஆனால் எவ்வளவு படித்தவரானாலும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு பேருக்கான வேலையைச் செய்ய முடியாது. 2015-ம் வருஷம் இதே ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, சென்னையிலிருந்து உல்லாசமாக வந்த ஒரு குடும்பத்தினர் பலர் ஒரே நொடியில் ஆற்றோடு போனார்கள். அதை நினைக்கும்போது எழுதுகோல் நின்றுவிடுகிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மிதவைச் சட்டை கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். "அழுக்காக இருக்கிறது, புடைவை கசங்கும், போட்டோவில் நன்றாயிராது" என்றெல்லாம் சொல்ல வேண்டாம். புடைவையைத் துவைத்துக்கொள்ளலாம். கொக்கியை மாட்டி, குழந்தையின் சட்டையையும் நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள். இல்லை என்றால் இறங்கிவிடுங்கள்.

இத்தனை பேர்தான் என்று துறையில் சொன்னால் அதற்கு மேல் ஒருவரையும் நெருக்கி ஏற்றாதீர்கள். "குழந்தைதானே, கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று பஸ் கண்டக்டரிடம் பேசுவதுபோல ஆற்றிடம் பேச முடியாது.

நடு ஆற்றில், "ஐயா, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள்!" என்று பரிசல்காரரை உற்சாகப்படுத்துவது சிலருக்குப் பழக்கம். ஆழமும் அமைதியுமான இடத்தில் அவராகச் சுற்றினால் சரி. அவர் 'வேண்டாம்' என்றால் பத்து ரூபாய் கூடத் தருவதாக ஆசை காட்டாதீர்கள்.

குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்தால், சில நாளில் இங்கே வெள்ளம் வந்துவிடும். பிலிகுண்டுவில் நீரை அளந்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று பத்திரிகையில் போடுவார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது நம் வீட்டுக் குடத்தால் இரண்டு குடம். பத்தாயிரம் கன அடி என்றால், நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான குடம் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம்! நீர் உயர்ந்தால் ஜில்லா அதிகாரிகள் பரிசலுக்குத் தடை போடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!" என்று சண்டை பிடிக்காதீர்கள். தடை போட்டால் நமக்கு ஒரு நாள் உல்லாசம் போகிறது. பரிசல்காரர் வீட்டிலோ அன்றைய வரும்படியே போகிறது. அவரே பொறுத்துக்கொள்ளும்போது நமக்கு என்ன? அன்று கரையில் நின்று அருவியைப் பாருங்கள். வெள்ளக் காவிரியின் கோலமே அலாதி.

ஆகையால் ஆனி முதல் ஆவணி வரையில் பரிசல் நிச்சயம் இல்லை என்று எண்ணிக்கொண்டே புறப்படுங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்குக்கு ஜனக்கூட்டம் நெரியும். மழை ஓய்ந்து நீர் தெளிந்த நாட்களே குடும்பத்தோடு போக உகந்தவை. செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். அருவியின் பாசிப் பாறை தயவு தாட்சண்யம் பார்க்காது.

ஆற்றிலிருந்து ஏறியதும் பசிக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கரையிலேயே விருந்து காத்திருக்கிறது. கட்லா, ரோகு, கெளுத்தி என்று மீன் வாங்கிக் கொடுத்தால், மசாலா தடவி வறுத்துக் கொடுக்கும் பெண்கள் அங்கே வரிசையாக அடுப்பு மூட்டியிருப்பார்கள். பல குடும்பங்களுக்கு இந்த அடுப்பும் ஆற்றில் ஓடும் பரிசலும்தான் ஜீவனம். ஆகவே கூலி பேசும்போது நாலு ரூபாய் குறைத்தோம் என்பதைச் சாமர்த்தியமாக எண்ணாதீர்கள். முறைப்படி ஏற்பட்ட கட்டணத்தை விசாரித்து, அதைக் கொடுங்கள். மெத்தை ஆசனமுள்ள படகுக்கு வாய் திறக்காமல் ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், உயிரைக் கையில் ஏந்திக் கொண்டுபோய்க் கரை சேர்க்கிறவரிடம்தானா பேரம் பேசுவது?

சௌகரியமான படகு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நாகமரைக்கு அதுதான் வேண்டும். கடலுக்கும் அதுவே வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒகேனக்கல்லில் மெத்தையைத் தேடாதீர்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு மூங்கில் கூடையில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் கற்சுவர் எழும். மேலே ஒரு கீற்று வானம் தெரியும். துளித் துளியாகக் காவிரி உங்கள் முகத்தில் தெளிக்கும். அடியில் மெல்லிய மூங்கில் பின்னலுக்கு அப்பால் ஆறு ஓடுவதை உங்கள் உள்ளங்கால் உணரும். எந்த உல்லாசப் படகிலும் இது கிடைக்காது.

புறப்படுங்கள்! ஆமாம், சட்டையின் கொக்கியை மாட்டினீர்களா?